நம்மவர் என்ற சொல்லுக்குள் பெண்

கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலில் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆண்டுக் கணக்கில் அது 919ஐ ஒட்டி வரும். வெள்ளூர்ப் போரில் பாண்டியனையும் அவனுக்குத் துணை வந்த ஈழப் படையையும் எதிர்த்துச் சோழர் பக்கம் நின்று வென்றவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதன். அந்த வெற்றிக்காகக் கோயிலில் விளக்கு வைத்தவர் பரதூர் நக்கன் சாத்தன். வென்றவர் ஒருவர், விளக்கு வைத்தவர் வேறொருவர். தலைவரின் வெற்றியைத் தன் வெற்றியாக ஒருவரை எண்ணவைக்கும் அந்தப் பிணைப்பைப் பற்றி வரலாற்று நூல்கள் நிறையவே பேசியிருக்கின்றன. அதற்குள் பெண் எங்கே இருந்தாள் என்று கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

பழுவூர் வீரர்கள் வாளால் காட்டிய உறவை, பழுவூர்ப் பெண் திருமணத்தால் காட்ட வேண்டியிருந்தது. பராந்தகன் ஒரு பழுவேட்டரையரின் மகளை மணந்தான் என்றும், அவள் பெற்ற மகனே அரிஞ்சயன் என்றும் அன்பில் செப்பேடுகள் சொல்கின்றன. இரண்டு குலங்களையும் கட்டிய முடிச்சு அவள்தான்.

அவளுடைய பேரன் சுந்தர சோழன். அவன் இறந்தபோது அரசி வானவன் மாதேவி உடன் தீப்புகுந்தாள். பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் பெருமையாகப் பாடுகிறது. அதே குடும்பத்தில் அரிஞ்சயனின் அண்ணன் கண்டராதித்தனின் மனைவி செம்பியன் மாதேவி கணவனுக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கினாள், மகன் உத்தம சோழன் அரசனாவதைப் பார்த்தாள். ஆகவே தீப்பாய்வது சோழ குலத்தில் எல்லோரையும் கட்டிய சட்டமாக இருக்கவில்லை. ஒருத்தி செய்தாள், அதைக் கல்லில் வெட்டிப் புகழ்ந்தார்கள். வாளைக் காட்டி மிரட்டினால் பெண் எதிர்க்கவாவது கூடும். புகழைக் காட்டி அழைக்கும்போது எதிர்ப்பதற்கு எதிரில் ஆள் இல்லை. பின்னால் வந்த எத்தனையோ வீடுகளில் அந்தப் புகழே எதிர்பார்ப்பாக மாறியது.

இந்த மாற்றத்தை ஓர் இளைஞர் 1916 மே மாதம் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் விளக்கினார். அவர் அம்பேத்கர், அப்போது வயது 25. சாதியின் சாரம் அகமணம் என்றார். தன் வட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்க ஒரு குழு தீர்மானித்துவிட்டால், கணவனை இழந்த பெண் அதற்குச் சிக்கலாகிவிடுகிறாள்: வெளியே மணந்தால் வேலி உடையும், உள்ளேயே மணந்தால் கன்னிப் பெண்ணுக்குரிய மாப்பிள்ளை குறைவான். எனவே அவளைக் கணவனோடு எரித்தார்கள், இல்லையென்றால் கைம்மையில் அடைத்தார்கள். மனைவியை இழந்த ஆணுக்கோ சிறுமியைக் கட்டிவைத்தார்கள். இவை எப்படிப் பரவின என்பதற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. மேலே இருப்பவரைப் பார்த்து மற்றவர் போலச் செய்தது ஒன்று. மீறியவரை விலக்கி வைத்தது மற்றொன்று.

விலக்கி வைப்பது எப்படி நடந்தது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கீழப்பழுவூருக்கு மேற்கே, பாடாலூரை அடுத்த ஊட்டத்தூரில், மூன்றாம் குலோத்துங்கனின் 40ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1218 வாக்கில், இடங்கைப் பிரிவினர் 98 பேர்க் குழுவாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். தாங்கள் வேள்வித் தீயிலிருந்து தோன்றியவர்கள் என்ற கதையோடு அது தொடங்குகிறது. இனி ஒரே பெற்றோரின் மக்கள்போல நடப்போம், ஒருவருக்கு வரும் நன்மை தீமை எல்லோருக்கும் உரியது என்கிறார்கள். கொம்பு, சங்கு, குடை எனத் தங்களை அறிந்துகொள்ளும் அடையாளங்களையும் வகுக்கிறார்கள். விதியை மீறுகிறவர் விலக்கப்படுவார், எதிர்த் தரப்பின் அடிமையாகக் கருதப்படுவார்.

இதை எளிதாகப் பழித்துவிட எனக்கு மனமில்லை. 1429இல் மயிலாடுதுறைக்கு அருகே குறுக்கையில் வலங்கை 98, இடங்கை 98 ஆகிய இரு பிரிவினரும் ஒன்றுகூடி, அநியாய வரியை எதிர்த்து, இன்னின்ன வரிதான் கொடுப்போம் என்று கல்லில் எழுதினார்கள். எதிரும் புதிருமாக நின்றவர்கள் ஒன்றானார்கள். கூட்டம் தந்த துணிச்சல் அது. எளியவர்களுக்குக் கூட்டத்தை விட்டால் வேறு காவல் ஏது? ஆனால் கொம்பும் குடையும் சபைக்கு வருகிற ஆணின் அடையாளங்கள். ஒரே பெற்றோரின் மக்கள் என்று சொன்னவர்களின் வீட்டில், அந்த உறவை அடுத்த தலைமுறைக்குக் கலக்காமல் கொண்டுசெல்லும் பொறுப்பு யாரிடம் விழுந்திருக்கும் என்பதைக் கல்வெட்டு சொல்ல வேண்டியதில்லை.

குழு உணர்வு உண்டாகப் பழங்கதையோ பகையோ கூடத் தேவையில்லை. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் நாஜிகளிடம் தன் குடும்பத்தைப் பறிகொடுத்த யூதர். அவர் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை இரு பிரிவாக்கினார். எந்த ஓவியனின் படம் பிடிக்கும் என்பதுபோன்ற அற்பக் காரணமே சொல்லப்பட்டது. உண்மையில் பிரித்தது குத்துமதிப்பாகத்தான். தனக்கு ஒரு காசு கிடைக்காதபோதும் சிறுவர்கள் தம் பிரிவுக்கு அதிகம் கொடுத்தார்கள். மொத்தத்தில் தம் பிரிவுக்குக் கிடைப்பது குறைந்தாலும், அடுத்த பிரிவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று தேர்ந்தெடுத்தவர்களும் இருந்தார்கள்.

அப்படியானால் விடிவு இல்லையா? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டை நினைத்துக்கொள்கிறேன். சாதிப் பட்டத்தை விட வேண்டும், பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், துணையைத் தேர்ந்தெடுக்கவும் மணவிலக்குப் பெறவும் அவளுக்கு உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். அதுவும் கூட்டம்தான். ஒருவரைப் பார்த்து ஒருவர் பட்டத்தை விட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடப் பெரும்பாலோர் கூசுகிறார்கள். போலச் செய்தல் என்று அம்பேத்கர் சொன்ன அதே விசை, இம்முறை எதிர்த் திசையில் ஓடியது.

பாதிதான் ஓடியது. ஆணின் பெயரிலிருந்து சாதி இறங்கிவிட்டது, மணமகள் தேவை விளம்பரத்திலிருந்து இறங்கவில்லை. வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ள ஊரின் அனுமதியோ குலத்தின் அனுமதியோ வேண்டியதில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது என்பதிலேயே செங்கற்பட்டில் மிச்சம் விட்ட வேலை எது என்று தெரிகிறது. சொத்து, துணை, மணவிலக்கு என்ற மூன்று தீர்மானங்களுக்கும் இன்னும் நிறையப் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் கை தூக்க வேண்டியிருக்கிறது, அதுவும் வீட்டுக்குள்ளே.