மூல ஓலையும் தைத்த புத்தகமும்

திருநாவலூரில் பிறந்தவர்களுக்கு ஓலையின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையான சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். மாப்பிள்ளை தனக்கு அடிமை என்றும், அவன் பாட்டனே எழுதிக் கொடுத்த ஓலை கையில் இருக்கிறது என்றும் சொல்கிறார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். அங்கே சபை கூடுகிறது. காப்பில் கிடந்த பாட்டனின் வேறொரு ஓலையை வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். கல்யாணம் நின்றுபோகிறது.

சின்ன வயதில் எனக்கு அந்தக் கிழவரின் சாமர்த்தியம்தான் பிடித்திருந்தது. மணப்பெண்ணைப் பற்றி யோசிக்க வெகுநாள் ஆயிற்று. சடங்கவி சிவாசாரியாரின் மகள் என்பதற்கு மேல் அவளுக்குப் பெயர் இல்லை. சுந்தரரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் சேக்கிழார் நகர்ந்துவிடுகிறார். சுந்தரரின் தாய் இசைஞானியார் அறுபத்து மூவரில் இருக்கும் மூன்றே பெண்களில் ஒருவர். அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாட்டு. (கணவர் சடையனாருக்கும் ஒன்றுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

காமிக்ஸ் படிப்பதையும் சேர்த்து வைப்பதையும் பற்றிய கட்டுரையை இங்கிருந்து தொடங்க ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் இன்றும் பார்க்கக் கிடைக்கும் பழைய படக்கதைகளில் இதுவும் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். ஓலையோடு நிற்கும் கிழவர், வெண்ணெய்நல்லூர்ச் சபை, கடைசியில் வெள்ளை யானை மேல் கயிலைக்குப் போகும் சுந்தரர் என்று ஒரே சுவரில் கதை ஓடுகிறது. சேக்கிழார் பெரிய புராணம் எழுதுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது அந்தச் சுவர். அதாவது படம் முதலில் வந்தது, புத்தகம் பிறகு. தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் காலத்தில் நாயன்மார் கதைகளைச் சிறு சிறு கட்டங்களாகக் கல்லில் செதுக்கி, யார் கதை என்று எழுத்தும் பொறித்தார்கள். படம், கட்டம், எழுத்து மூன்றும் அங்கே இருக்கின்றன. அதைப் படக்கதை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அச்சுக்கு வந்த காமிக்ஸின் வரலாறு பலருக்கும் மனப்பாடம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியது, முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984 ஜூலையில் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தன. ராணி 2005 வரை ஓடி 500 இதழ்களைத் தொட்டது. அதற்கு முன்பே 1967இல் அமர் சித்திரக் கதை தொடங்கியிருந்தது. பள்ளி நூலகங்களில் தடையின்றி நுழைந்தது அதுதான். சாவித்திரி, பத்மினி என்று அதில் பெண்களுக்குத் தனி இதழ்களே உண்டு. கணவனுக்காக எமனோடு வாதாடிய பெண்ணும், தீயில் இறங்கிய பெண்ணும் கெட்டி வண்ணத்தில் நமக்கு வாசிக்கத் தரப்பட்டார்கள்.

சிவகாசி இதழ்களின் பெரிய நட்சத்திரங்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் ஒன்று புலப்படும். இரும்புக்கை மாயாவி பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் 1962இல் தோன்றியவன். ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அங்கே 'லயன்' இதழில் வந்தவர்கள். இரண்டுமே பையன்களுக்கென்று நடத்தப்பட்ட வார இதழ்கள். அதே பிரிட்டனில் சிறுமிகளுக்கென்றே 'பன்ட்டி', 'டாமி', 'ஜின்ட்டி' என்று காமிக்ஸ் வாரந்தோறும் விற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சிறுமிகளில் ஒருத்தியும் தமிழில் நட்சத்திரம் ஆகவில்லை. தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் காமிக்ஸ் பிடிக்காது என்று யாரும் சோதித்துப் பார்த்து முடிவு கட்டியதாகத் தெரியவில்லை. பையன் வாங்குவான் என்பது பேசப்படாத கணக்கு, அவ்வளவுதான்.

ஆனால் லயன் காமிக்ஸின் முதல் இதழே ஒரு பெண்ணின் கதை: 'கத்தி முனையில் மாடஸ்டி'. தமிழ் காமிக்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். எனக்கு இங்கே நின்று பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மாடஸ்டி பிளைசி 1963இல் லண்டன் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் பெரியவர்களுக்கான தொடராக வந்தவள். பீட்டர் ஓ'டோனல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்தார். பையன்களின் இதழிலிருந்து வராததாலோ என்னவோ, அவள் யாருக்கும் காதலியாகவோ உதவியாளாகவோ இல்லை. ஒரு குற்றக் கூட்டத்தையே நடத்திப் பணம் சேர்த்து, இளம் வயதிலேயே ஓய்வு பெற்றவள். கூடவே வரும் வில்லி கார்வின் அவளுக்குக் கீழ் வேலை பார்த்தவன், அவளை இளவரசி என்று கூப்பிடுகிறவன். இருவரும் நண்பர்கள், கடைசி வரை நண்பர்கள் மட்டுமே. தமிழ் வாசகர்கள் இன்றும் அவளை 'இளவரசி' என்கிறார்கள். அந்தப் பட்டம் அரண்மனையிலிருந்து வந்ததல்ல, ஒரு சிநேகிதன் வாயிலிருந்து வந்தது.

அவள் பிறந்த விதம் இன்னும் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் ஓ'டோனல் வடக்கு ஈரானில் ராணுவ வேலையில் இருந்தார். 1942இல் அகதியாகத் தனியே நடந்து வந்த ஒரு சிறுமியைப் பார்த்தார். கையில் ஆணியைக் கட்டிய ஒரு கட்டை, அதுதான் அவள் ஆயுதம். சாப்பிடக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, சிரித்துவிட்டு, அவள் பாட்டுக்கு நடந்து போய்விட்டாள். இருபது வருடம் கழித்து அந்த நடைதான் மாடஸ்டி ஆயிற்று. அந்தச் சிறுமிக்கும் பெயர் இல்லை.

அந்தக் காலத்தில் தமிழ் காமிக்ஸில் பெண்ணின் உடை குறைவாகத் தெரியும் இடங்களில் கறுப்பு மை பூசி மூடும் வழக்கம் இருந்தது. ஒருத்தி துப்பாக்கியோடு சுவரேறிக் குதிக்கலாம், தோள் தெரியக் கூடாது. இதைக் கிண்டலாக மட்டும் நான் சொல்லவில்லை. அந்த மை இல்லாவிட்டால் பல வீடுகளில் புத்தகமே உள்ளே வந்திருக்காது.

அந்த வீடுகளுக்குள் அதை யார் படித்தார்கள் என்பதில்தான் வரலாறு தடுமாறுகிறது. தமிழ் காமிக்ஸ் பற்றிய நினைவுகளைக் கேளுங்கள். சைக்கிளில் போய்ப் பஸ் நிலையக் கடையில் வாங்கியது, பாடப் புத்தகத்துக்குள் மறைத்தது, சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன் அங்கே தேடி அலைந்தது. எல்லாம் ஆண்களின் நினைவு. 1984இல் திருநாவலூர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது, எங்களுக்குப் பக்கத்துப் பெரிய பஸ் நிலையம் உளுந்தூர்பேட்டை. வயதுக்கு வந்த பெண் அங்கே ஒரு பெட்டிக்கடை முன் நின்று தொங்கும் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பதை நினைத்தே பார்க்க முடியாது. அண்ணன் வாங்கி வருவான். அவன் வெளியே போனதும் தங்கை எடுப்பாள். அவன் திரும்புமுன் இருந்த இடத்தில் வைத்துவிடுவாள். என் தலைமுறைப் பெண்கள் பலர் மாயாவியை இப்படித்தான் படித்திருக்கிறார்கள். படித்தது உண்மை, வைத்துக்கொண்டது இல்லை.

சேகரிப்பதற்கு ரசனையைவிட முதலில் வேண்டியது இடம். ஒரு ட்ரங்குப் பெட்டி, அதற்குப் பூட்டு, பெட்டியை வைக்க ஒரு பரண், அந்தப் பரண் இருக்கும் வீட்டிலேயே முப்பது வருடம் இருக்கும் உரிமை. அண்ணனுக்கு இது நாலும் உண்டு. தங்கை கல்யாணமாகிப் போகும்போது பித்தளைப் பாத்திரம் எண்ணி ஏற்றுவார்கள், அவள் படித்த புத்தகங்களை யாரும் ஏற்றுவதில்லை. அடுத்த பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது அவை எடைக்குப் போகும். அண்ணன் பெட்டி அப்படியே இருக்கும். இன்று அந்தப் பெட்டியிலிருக்கும் பழைய முத்து காமிக்ஸ் சில ஆயிரக்கணக்கில் விலை பேசப்படுகின்றன. 'பெண்கள் காமிக்ஸ் சேர்ப்பதில்லை' என்ற முடிவு இந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்து எழுதப்பட்டது.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பெண்கள் சேர்த்தார்கள், நாம் அதைச் சேகரிப்பு என்று சொல்லவில்லை.

1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வாராவாரம் மணியத்தின் படங்களோடு வந்தது. 1950களின் பிற்பகுதியில் 'தில்லானா மோகனாம்பாள்' கோபுலுவின் படங்களோடு விகடனில் வந்தது. அந்தப் பக்கங்களை வாரம் தவறாமல் பிரித்தெடுத்து அடுக்கி வைத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பெண்கள். என் பெரிய அத்தை கோணி ஊசியால் மூன்று துளை போட்டுச் சணல் நூலால் தைப்பார். மேலே மைதாப் பசை, பழைய காலண்டர் அட்டை, கிழிந்த வேட்டித் துணியில் முதுகு. ஒரு தாளின் பின்பக்கம் வேறொரு தொடர் இருந்தால் எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு வார இதழ் தவறிவிட்டால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, அந்த அத்தியாயத்தைக் கையால் எழுதி நடுவில் சேர்த்துத் தைத்திருக்கிறார். படத்தையும் பென்சிலில் போட்டுப் பார்த்திருக்கிறார். பூங்குழலியின் படகு கொஞ்சம் கோணல்.

கடையில் கிடைத்த புத்தகப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்கள் எல்லாம் இல்லை. வாரப் பத்திரிகையில் கதையும் படமும் எப்படி ஒன்றாய் அமைந்தன, பக்கத்தில் என்ன விளம்பரம் இருந்தது என்று இன்று யாராவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இந்தத் தைத்த புத்தகங்களுக்குத்தான் வர வேண்டும். நந்தினி, குந்தவை, தனியாகப் படகு வலிக்கும் பூங்குழலி என்று பெண்கள் முகம் முகமாக வரையப்பட்ட கதை அது. காமிக்ஸில் கிடைக்காததை அவர்கள் வேறிடத்தில் தேடிச் சேர்த்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. அத்தையிடம் சேகரிப்பு என்று சொன்னால், 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா தச்சு வச்சேன்' என்பார்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் அவர் இறந்தபின் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக எழுந்தன. அந்த மனிதர் இல்லாவிட்டால் தமிழ் அச்சு வரலாற்றில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும். அவர் மேல் எனக்கு மரியாதைதான். அவர் வீட்டில் அவர் சேர்த்தது அவரோடு இருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

பெரிய தொகுப்பு நூல்கள் பதிப்பாளர்களிடமிருந்தே வரத் தொடங்கியது அண்மையில். 2010இல் லயன் காமிக்ஸ் 'இரத்தப் படலம்' கதையின் 18 பாகங்களையும் கறுப்பு வெள்ளையில் ஒரே புத்தகமாக்கியது. எண்ணூறு பக்கங்களுக்கு மேல், விலை 200 ரூபாய். தன் பெயரையே மறந்துபோன ஒரு ஆணின் கதை அது. 2018இல் வண்ணத்திலும் வந்தது. அஞ்சலில் சந்தா கட்டினால் வீட்டுக்கே வரும் என்றானபோது பஸ் நிலையக் கடையின் தடை போய்விட்டது. சம்பாதிக்கும் பெண்கள் தங்கள் பெயரிலேயே கட்டினார்கள்.

இதற்கிடையில் இன்னொரு ஈரானியச் சிறுமியும் தமிழுக்கு வந்திருந்தாள். மர்ஜானே சத்ரபியின் 'பெர்சபொலிஸ்', கோவை விடியல் பதிப்பகம் வழியாக 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' ஆனது. ஆணி கட்டிய கட்டையோடு நடந்துபோனவளை ஓர் ஆண் பார்த்து எழுதினார். இந்தச் சிறுமி தன் கதையைத் தானே வரைந்தாள். முதல் பக்கத்தில் முக்காடிட்ட வகுப்புத் தோழிகளின் படம், அதில் அவள் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறாள். முழுசாகத் தெரியாமல் போனவள் தான் என்று அவளே சொல்லித் தொடங்குகிறாள். துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த 'பீமாயணம்', சென்னை தாரா பதிப்பகத்துக்காக மொய்னா சித்ரகார் வரைந்த சீதையின் ராமாயணம் இரண்டும் 2011இல் வந்தவை. படத்தால் கதை நகர்த்தும் மரபுகள் அவர்களுடையவை, தஞ்சைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முத்து காமிக்ஸ் வந்த அதே 1972இல் சான் பிரான்சிஸ்கோவில் பெண்கள் சேர்ந்து 'விம்மென்ஸ் காமிக்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார்கள். அதில் ஒருவரான ட்ரினா ராபின்ஸ் பிறகு வரலாறு எழுதப் போனார். பெண் ஓவியர்கள் இல்லவே இல்லை என்று வரலாற்றுப் புத்தகங்கள் சாதித்ததால், மறக்கப்பட்ட பெண்களின் மூலச் சித்திரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2024இல் இறக்கும்வரை அதைத்தான் செய்தார். டாலியா மெஸ்ஸிக் என்ற பெண் ஆண் பெயர் போலத் தோன்றும்படி டேல் மெஸ்ஸிக் என்று கையெழுத்துப் போட்டு 1940இல் 'பிரெண்டா ஸ்டார்' தொடரை ஆரம்பித்தது போன்ற கதைகளெல்லாம் அவர் புத்தகங்களில் கிடைக்கும். வெண்ணெய்நல்லூர்ச் சபை கேட்டதைத்தான் உலகமும் அவரிடம் கேட்டது: ஓலை எங்கே? அவர் எடுத்துக் காட்டினார்.

எங்கள் பக்கத்தில் அப்படி எடுத்துக் காட்ட எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கொஞ்ச நாளாக உறவுக்காரர்கள் வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் எடைக்குப் போயாயிற்று என்றுதான் பதில். அத்தையின் தைத்த புத்தகங்களில் இரண்டு மட்டும் தப்பின. பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் முழுசாக இருக்கிறது, மூன்றாம் பாகத்தில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. இரண்டின் அட்டையிலும் உரிமையாளர் பெயர் எழுதும் இடத்தில் மாமாவின் பெயர் இருக்கிறது. கையெழுத்து அத்தையுடையது.