பள்ளிக்கு வராத பிள்ளை: காரணம் வீட்டின் வரவு செலவில்

ஒரு பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது என்று கேள்விப்பட்டால், "படிப்பில் ஆர்வமில்லை" என்று சொல்லி நாம் கடந்து விடுகிறோம். எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் நின்று விடுவதில்லை. முதலில் மாதத்தில் ஓரிரு நாள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் என விடுப்பு கூடுகிறது. பாடம் புரியாமல் போகிறது. வகுப்பில் உட்காரவே கூச்சமாகிறது. கடைசியில்தான் படிப்பு நிற்கிறது. அந்த முதல் விடுப்புகளின் காரணத்தைத் தேடினால், பெரும்பாலும் வீட்டின் வரவு செலவில் போய் முடியும்.

2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, இந்திய அளவில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்றது. மத்ரஸாக்களில் படிப்போர் 3 சதவீத அளவே என்றும் அது காட்டியது. ஆகவே, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிரிப்பது மத்ரஸா அல்ல, வறுமையே. தமிழகத்தில் நிலை மேல்: 2001 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம், மாநில அளவில் 73.5 சதவீதம். ஆனால் எழுதப் படிக்கத் தெரிவது வேறு, பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்வது வேறு.

பீடி சுற்றும் வீடுகள்

மேலப்பாளையம் போன்ற ஊர்களில் நம் பெண்கள் பலர் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான். இலை வெட்டுவது, சுற்றுவது, முனை மடக்குவது, நூல் கட்டுவது எனப் பல வேலைகள். தாய்க்கு உடல்நிலை சரியில்லாத அன்று எண்ணிக்கை குறையக் கூடாதே என்று மகள் தட்டின் முன் உட்காருகிறாள். அன்றைய வகுப்பு போய்விடுகிறது.

1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தாரின் உதவியோடு வீட்டில் செய்யும் தொழிலுக்கு விலக்களித்திருந்தது. 2016 திருத்தம் அதை இறுக்கியது: 14 வயது நிரம்பாத பிள்ளை ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் மட்டும், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் உதவலாம். புகையிலைத் தூள் பறக்கும் இடம் பிள்ளைக்கு ஏற்ற இடமல்ல என்பது நமக்கே தெரியும்.

மகனுக்குக் கடை, மகளுக்கு வீடு

கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது 6 முதல் 14 வயது வரைதான். அதன் பிறகே வீட்டின் நெருக்கடி மகன் மீது விழுகிறது. தந்தை வெளிநாட்டில் என்றால் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அவனே போக வேண்டும். கடன் என்றால் சென்னையிலோ கேரளாவிலோ கடை வேலை. பிறகு வளைகுடாக் கனவு.

ஒன்றைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. சவூதி, குவைத், அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர்கள் தனி அனுமதி பெற வேண்டும். வெளிநாட்டை நம்பிப் படிப்பை விட்டவனுக்கே அந்த வழி கடினமாகிறது.

மகள் விஷயத்தில் பருவமடைதல், பள்ளியின் தொலைவு, கழிப்பறை வசதியின்மை, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, திருமணப் பேச்சு என ஒவ்வொன்றும் சில நாட்களை எடுத்துக்கொள்கிறது.

கையில் இருக்கும் உதவிகள்

காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவும், 2022 முதல் வழங்கப்படும் காலை உணவும் ஏழை வீட்டின் சுமையைக் குறைத்திருக்கின்றன. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் தேர்வில் தகுதி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தனி உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்வோருக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். பள்ளிக் கல்வி உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098.

இவை பலருக்கும் தெரியாமலில்லை. வருமானச் சான்றும் வங்கிக் கணக்கும் சரியான நேரத்தில் இல்லாததால்தான் கை நழுவுகின்றன.

மஹல்லாவின் பொறுப்பு

பத்ரில் சிறைப்பட்டவர்களில் மீட்புத்தொகை கட்ட வசதியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நெருக்கடியான காலத்தில் ஒரு சமூகம் வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளின் கல்வியைப் பெற்றுக்கொண்டது.

நாமும் அப்படிச் செய்யலாம். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளைகளின் பெயரைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து, ஜமாஅத்தார் அந்த வீட்டுக்குச் செல்லலாம். கண்டிக்க அல்ல, என்ன குறை என்று கேட்க. தாய் நோயுற்ற வாரத்தின் கூலியை பைத்துல்மால் ஈடுசெய்தால் மகள் வகுப்பில் இருப்பாள். ஜும்ஆவுக்குப் பின் சான்றிதழ் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்க நம் பட்டதாரி இளைஞர்கள் போதும். மக்தப் நேரம் பள்ளி நேரத்தோடு மோதாமல் பார்த்துக்கொள்வது ஆலிம்களாகிய எங்கள் கடமை.

பெயர் நீக்கப்பட்ட பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். மூன்று நாள் வராத பிள்ளையைக் கொண்டுவருவது எளிது. அந்த மூன்றாம் நாளில் கதவைத் தட்டும் மஹல்லாவாக நம் மஹல்லாக்களை அல்லாஹ் ஆக்குவானாக.