மீஞ்சூர்ல ஒரு புள்ளி காணோம்

போன மாசம் மீஞ்சூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் டைப் பண்ணக் கொடுத்தேன். 'சரவணன்' என்ற பெயர் 'சரவனன்' என்று அச்சாகி வந்தது. 'மீஞ்சூர்'ல ஞ-வுக்கு மேலே புள்ளியே இல்லை. "ஸ்கிரீன்ல சரியாத்தானே சார் தெரிஞ்சுது" என்றார் கடைக்காரத் தம்பி. எட்டிப் பார்த்தேன். அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப். திரை 1024 × 768-ல் வைக்கப்பட்டிருந்தது. "எழுத்து பெருசாத் தெரியட்டும்னுதான் வச்சிருக்கேன்."

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ திரைக்கு 640 × 480 புள்ளிகள். டாஸ் காலத்து எழுத்துத் திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த கட்டம் 9 × 16. ஆங்கில n-க்கு இரண்டு கோடு, நடுவே ஓர் இடைவெளி, ஆக மூன்று புள்ளி அகலம் போதும். நம்ம ண-வின் குறுக்கே கோடு இழுத்துப் பாருங்கள், ஐந்து இடத்திலாவது வெட்டும். ஐந்து கோடு, நாலு இடைவெளி, ஒன்பது புள்ளி. கட்டமே தீர்ந்துபோச்சு, பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு சுழி குறைந்தால் அது ன. இந்திய எழுத்துகளைக் காட்ட சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டையை அன்றைக்குக் கம்ப்யூட்டருக்குள் தனியாகச் செருக வேண்டியிருந்தது.

அன்றைய திரைகள் படக்குழாய்த் திரைகள். அவற்றில் புள்ளி எண்ணிக்கையைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும், பெரிதாக ஒன்றும் கெடாது. கண் வலித்தால் 'ரெசல்யூஷனைக் குறை' என்பது அப்போது நல்ல யோசனைதான். நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்!

எல்சிடி வந்ததும் கதை மாறியது. இதில் புள்ளிகள் ஆலையிலேயே பதிக்கப்பட்டவை, கூட்டவோ குறைக்கவோ முடியாது. இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் நம்ம திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. தம்பியிடம் இருந்தது 14 அங்குலத் திரை, 1366 × 768. (அதென்ன 1366? 768 என்பது பழைய 1024 × 768 திரையிலிருந்து வந்த உயரம். அகலத்திரைக்காக அதை 16-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 1365.33. மேல்நோக்கி முழுமையாக்கிவிட்டார்கள்.) அங்குலத்துக்குச் சுமார் 112 புள்ளி. ண-வுக்கு நிம்மதி.

ஆனால் அதை 1024-க்கு இறக்கினால், மூன்று புள்ளியின் படத்தை நாலு புள்ளி பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளிக் கோடு ஒன்றேகால் புள்ளிக்கும் கொஞ்சம் மேலே வீங்கி, ஓரத்தில் சாம்பல் பூசிக்கொள்ளும். உயரம் மாறாததால் எழுத்து குண்டாகத்தான் ஆகும். சுழிகள் அடைபடும், ண-வும் ன-வும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். மெய்ப்புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். நமக்கு அது எழுத்துப்பிழை, சான்றிதழில் ஏறினால் வேறொரு ஆளின் பெயர்.

தம்பி கேட்டதும் நியாயம்தான், எழுத்து பெருசா வேணும். அதுக்கு வழி வேறு. ரெசல்யூஷனை 1366 × 768-க்குத் திருப்பி, அளவை மட்டும் 125 சதவீதம் ஆக்கினேன். இப்போது ஒவ்வோர் எழுத்தையும் கூடுதல் புள்ளிகளைக் கொண்டு கணினி புதிதாக வரைகிறது. ண-வின் சுழிகளை எண்ண முடிந்தது.

ஒரு சிக்கல், 768 உயரம் இதற்குக் கொஞ்சம் பத்தாது. பிரிண்ட் கொடுக்கும் பெட்டியின் 'ஓகே' பட்டன் கீழே டாஸ்க்பாருக்குள் போய் ஒளிந்துகொண்டது. டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்துவிட்டு, விண்ணப்பத்தை மறுபடி அடித்து வாங்கிக்கொண்டு வந்தேன்.