கூடையும் பந்தும்
1739இல் அரச சாசனம் பெற்ற லண்டன் குழந்தைகள் இல்லத்தை நிறுவியவர் தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர். பிரபுக்களும் வணிகரும் அடங்கிய குழுவினர் அதனை நிர்வகித்தனர். இடமோ சிறிது, குழந்தையோடு வாயிலில் நின்ற தாய்மாரோ பலர். ஆகவே 1742 முதல், பைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுக்கச் செய்தனர். வெள்ளை வந்தால் நோயற்ற குழந்தைக்கு இடமுண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்கலாம். கறுப்பு வந்தால் திரும்ப வேண்டியதே. சிபாரிசுக்கு இடந்தராத முறைதான். எனினும் பைக்குள் நுழைந்த அந்தக் கைகளை நினைக்குந்தோறும் என் மனம் கூசுகிறது.

1756இல் பாராளுமன்றம் பொருளுதவி அளித்து, வரும் சிசுக்கள் அனைவரையும் ஏற்கச் சொல்லிற்று. வாயிலில் தொங்கிய கூடையில் குழந்தையை இட்டு மணியடித்தாற் போதும். நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 சிசுக்கள் சேர்ந்தனர். மூன்றில் இரு பங்கினர் மாண்டனர். 1760இல் பாராளுமன்றமே அவ்வேற்பாட்டை நிறுத்தியது.