கந்தூரி: விரிப்பு விருந்தான கதை

ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை கண்டதும் இலங்கையின் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் பெயரால் கொடி ஏறும். 12 நாள் மௌலூது என்னும் புகழ்மாலை ஓதுவார்கள், கடைசியில் கந்தூரிச் சோறு. விழாவுக்குக் கொடியேற்றம் என்று சுத்தத் தமிழில் பெயர், கோயிலுக்கும் அதே சொல்தான். சோற்றின் பெயர்தான் பாரசீகம்.

கந்தன், ஊர் என்று பிரித்துப் பொருள் சொல்ல யாராவது வந்தால் நம்பிவிட வேண்டாம். பாரசீகச் சொல்லின் ஒலிகள் எல்லாமே தமிழ் வாயிலும் உண்டு. அதனால் உருமாறாமல் இறங்கிவிட்டது, உள்ளூர்ச் சொல் போலவும் ஒலிக்கிறது. தட்டைக் குறிக்கும் அரபு ‘ஸஹ்ன்’ நம் வாய்க்கு வழுக்கி, சஹன் ஆனதைப் பாருங்கள்.

பாரசீகத்தில் கந்தூரி என்பது சோறுமல்ல, விழாவுமல்ல. சாப்பிட உட்காருமுன் விரிக்கிற தோல் அல்லது துணி. அந்த விரிப்பின் பெயர் அதில் பரிமாறிய விருந்துக்கு ஆகி, பிறகு பெரியார் ஒருவர் பெயரால் ஆக்கிப்போடும் சாப்பாட்டுக்கு ஆனது. இந்தியாவில் பாத்திமா நாயகி பெயரால் வைக்கும் விருந்தும் கந்தூரிதான். இலக்கணம் படித்தவர்கள் ஆகுபெயர் என்று முடித்துவிடுவார்கள். அரபு ‘சுஃப்ரா’ போன வழி இன்னும் வேடிக்கை. ‘ஸஃபர்’ என்றால் பயணம். சுஃப்ரா முதலில் பயணியின் கட்டுச்சோறு, அப்புறம் அதை வைத்துக் கட்டிய தோல், அப்புறம் விரிப்பு. துருக்கியில் சாப்பாட்டு மேசையே ‘சோஃப்ரா’. சுஃப்ராவில் சோறு துணியானது, கந்தூரியில் துணி சோறானது.

மலாயில் இது ‘கெண்டுரி’. கல்யாணச் சாப்பாடும் கெண்டுரி, மௌத்தானவருக்கு ஓதிப் போடுவதும் கெண்டுரி. நாகூரார் பெயரும் கடல் கடந்தது, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவருக்கு நினைவிடங்கள் எழுந்தன. சிங்கப்பூரிலுள்ளது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது.

கல்முனைப் பக்கம் சொல் இவ்வளவு அகலவில்லை. இறைநேசர்களான அவுலியா பெயருக்கு, பள்ளியில் ஓதி முடிப்பதற்கு என்று நின்றுவிட்டது. கிடாரத்தில் சோறு வேகும், பக்கத்தில் இறைச்சி ஆணம் கொதிக்கும், அகப்பையால் அள்ளி ஏந்திய பாத்திரத்தில் போடுவார்கள். விரிப்பைத் தேடினால் கிடைக்காது. தர்கா வழக்கங்களை ஏற்காதவர்கள் இன்று இந்தப் பெயரையே ஒதுக்குகிறார்கள். மலாய்க்காரர் கெண்டுரி என்றால் அந்தச் சொல்லை மட்டும் வைத்து அவர் பக்கத்தைச் சொல்லிவிட முடியாது. இங்கே கந்தூரி என்று வாயெடுத்தால் பேசுபவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. கல்யாண வீட்டில் அந்தச் சொல்லை எவரும் எடுப்பதுமில்லை.