இரண்டு விசிறிகள், ஒரே ஊற்று

மாதிரி விமானக் கலையில் இரட்டை எஞ்சின் நெடுங்காலம் அச்சத்துக்குரியதாகவே இருந்தது. வானில் ஒன்று நின்றுபோனால், ஓடும் மற்றொன்று விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும்; வேகமும் குறைந்திருந்தால் அது சுழன்று வீழும். சிறு எரிபொருள் எஞ்சின்கள் இரண்டும் ஒரே சீராக ஓடுவது அரிது.

இச்சிக்கலுக்கு ஒரு விடை 1903ஆம் ஆண்டிலேயே இருந்தது. ரைட் சகோதரர்கள் ஒரே எஞ்சினிலிருந்து சங்கிலிகள் வழியே இரண்டு விசிறிகளைச் சுழற்றினர். ஒரு சங்கிலியைக் குறுக்காகப் பூட்டியதால் விசிறிகள் எதிரெதிராகச் சுழன்றன; முறுக்குவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தன. விமானியைவிட எஞ்சின் கனமானது. எனவே அது இருந்த வலப்புற இறக்கையைச் சுமார் 4 அங்குலம் நீட்டினர்.

மின்மோட்டார் அவ்விடையை மாதிரிகளுக்கு மீட்டளித்தது. இங்கிலாந்தில் 1957 ஜூன் 30 அன்று லெப்டினன்ட் கர்னல் டாப்ளின், வெள்ளி-துத்தநாக மின்கலங்களால் இயங்கிய 'ரேடியோ குயீன்' என்னும் ஒற்றை மோட்டார் மாதிரியை வானொலிக் கட்டுப்பாட்டில் பறக்கவிட்டார். பின்னாளைய இரட்டை மோட்டார் மாதிரிகளில், ஒரே வகையான இரு பிரஷ் மோட்டார்களைத் தொடரிணைப்பில் பூட்டினால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாய்ந்தது. முறுக்குவிசையும் ஏறத்தாழச் சமமாயிற்று.

இன்றைய பிரஷ்லெஸ் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனி வேகக் கட்டுப்படுத்தி வேண்டும். ஒரே கேவி மதிப்புள்ள மோட்டார்களையும் ஒரே அளவு விசிறிகளையும் தேர்ந்தாலும், ஒரு கட்டுப்படுத்தி பழுதானால் விமானம் மீண்டும் ஒருபுறம் திரும்பும். மின்கலத்தை முன்பின் நகர்த்தி ஈர்ப்பு மையத்தைச் சரிசெய்யலாம். உந்துவிசையின் சமநிலையை அவ்வாறு சரிசெய்ய இயலாது.

திறன் பெருகியது, தீர்ந்த அபாயமோ வேறு வழியில் திரும்பியது. தொழில்நுட்ப வரலாற்றை நேர்க்கோட்டு வளர்ச்சியாக எழுதுவோர் கருதவேண்டிய சான்று இது.