கயிற்றின் மறுமுனை

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்புத் தொடங்கும்போது முதலில் வந்து சேரவேண்டியவர் கடல்கட்டி. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். அவர் இல்லாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பதால் ஆங்கில அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. 1845 முதல் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் குளிப்பைப் பார்க்கப் போன சமயம், பரம்பரைக் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். மந்திரம் தனக்குத் தெரியாதென்றும், ஆனாலும் பெரியவரின் ஆள் என்று சுறாக்கள் தன்னை மதிக்கும் என்றும் அந்தப் பதிலாள் சமாதானம் சொன்னதை டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். இத்தனைக்கும் அந்தக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர்.

சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, குளிப்பில் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குப் போனதாக மார்க்கோ போலோ குறிக்கிறார். ஆட்களின் உயிர்க்காவலுக்கென்று வருமானத்தில் ஐந்து வீதம்! இன்றைய கம்பனிகளில் எத்தனை இதற்கு ஒத்துக்கொள்ளும்?

உண்மையான காவல் மந்திரத்தில் இல்லை, கயிற்றில் இருந்தது. குளியாளி கல்லில் கால் வைத்து இறங்குவார். அரபுக் குளியாளிகள் மூக்குக்குக் கவ்வி போட்டார்கள்; தமிழர்கள் கையாலேயே பொத்திக்கொண்டார்கள். ஒரு நிமிடத்தை ஒட்டிய அந்த நேரம் முழுவதும் வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழே இருந்து ஓர் அசைப்பு வந்தால் மளமளவென்று இழுக்க வேண்டும். அவர் கவனம் பிசகினால் குளியாளி இல்லை.

திருகோணமலைப் பக்கம் இந்தத் தொழில் சற்று வேறு மாதிரி. தம்பலகாமக் களப்பில் கிடைத்தது கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பி; அதன் முத்துக்களும் பொடி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகச் சுடுவதற்காக அவை இந்தியாவுக்குப் போயின. 1857இல் இலங்கை முத்துச் சிப்பி பற்றி அறிக்கை எழுதிய இயற்கையியலாளர் கேலார்ட் திருகோணமலையில் இருந்துதான் வேலை செய்தார். களப்பில் ஆழம் குறைவு, ஆபத்தும் குறைவு.

துறைமுகத்தின் ஆழம் வேறு விதமான ஆளைக் கேட்டது. பிரித்தானியக் கடற்படையின் முக்குளிப்பவர்களுக்கென்று ஓர் உடுப்பு இருந்தது: 1830களில் ஆகஸ்டஸ் சீபே செம்மைப்படுத்திய செம்புத் தலைக்கவசம், இறப்பர் பூசிய அங்கி, ஈயம் வைத்த சப்பாத்து. தனியே எழுந்து நடக்க முடியாத பாரம். மேலே பம்பு சுற்றுபவர்கள் காற்றை அனுப்ப, பக்கத்தில் உயிர்க்கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் நிற்பார். இத்தனை இழுப்புக்கு இன்ன அர்த்தம் என்று ஒரு பாஷையே உருவாகியிருந்தது. 1908இல் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று நின்று மேலேற வேண்டும் என்ற அட்டவணையை வெளியிட்டார். அதன்பின் கயிறு பிடிப்பவரின் கையில் கடிகாரமும் ஏறியது.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று எரிந்தழிந்தது. 'சாகைங்' என்ற கப்பல் தீப்பிடித்து நாசமாகி, பிறகு இறங்குதுறையாகப் பயன்படட்டும் என்று துறைமுகத்திலேயே மூழ்கடிக்கப்பட்டது. அதே 1942இன் 45ஆம் இலக்கச் சட்டம்தான் இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். நடைமுறைக்கு வர 1950 ஆயிற்று. நச்சுவாயு இருக்கக்கூடிய தாங்கிக்குள் சுவாசக் கருவியோடு இறங்குபவரின் இடுப்புப் பட்டியில் கயிறு இருக்க வேண்டும், அதன் மறுமுனை வெளியே நிற்பவரின் கையில் இருக்க வேண்டும் என்பது இவ்வகைச் சட்டங்களின் விதி. மன்னார் வள்ளத்தில் நின்றவரையே சட்டம் எண்ணெய்த் தாங்கியின் வாயில் கொண்டுவந்து நிறுத்தியது போலிருக்கிறது.

கயிற்றை அறுத்தது இன்னொரு கருவி. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய காற்றுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டால் மேலே ஆள் வேண்டாம், பம்பு வேண்டாம், மீன் போலத் திரியலாம். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியில் கோணேசர் கோயிலின் சிதைந்த தூண்களைக் கண்டது இந்தக் கருவியின் புண்ணியத்தில்தான். அவர்களுக்கு அது விடுதலை.

கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் கிழக்குக் கரைத் தொழிலாளிக்கு அதே கருவி வேறு முகம் காட்டியது. ஊரில் அதை ஒட்சிசன் சிலிண்டர் என்பார்கள். உள்ளே இருப்பது என்னவோ வெறும் அழுத்தக் காற்றுதான். அதிலுள்ள நைதரசன் ஆழத்தில் உடம்பில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் குமிழியாகி மூட்டிலும் முள்ளந்தண்டிலும் நின்றுவிடுகிறது. ஒரு சிலிண்டர் முடிய அடுத்தது, அதற்கடுத்தது என்று நாள் முழுக்க இறங்குபவருக்கு நின்று நின்று ஏற நேரமில்லை. கணக்குப் பார்த்து இழுக்க மேலே ஆளும் இல்லை. கூலியாள் என்றால் 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டத்தைக் காட்டலாம். சொந்தமாகக் கடலுக்குப் போகிறவர் யாரிடம் போய்க் கேட்பது?

2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் பல மாத வேலைக்குப் பிறகு சாகைங்கை மிதக்க வைத்தார்கள். குழுவாக இறங்கி, முறை வைத்து மேலேறிச் செய்த வேலை. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில்தான் கால் மரத்துப்போன நிலையில் வரும் மீனவர்களுக்கான அழுத்த அறையும் இருக்கிறது. கடலின் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் அவர்களை உள்ளே படுக்க வைத்துப் பூட்டுகிறார்கள். வெளியே ஒருவர் கண்ணாடி வழியே பார்த்தபடி, கடிகாரத்தையும் கவனித்து, மணிக்கணக்காக அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருப்பார்.